தட்டினால் திறக்காது, கழுவினால் திறக்கும்

தடைக்காலம் நடக்கிறது. படகுகள் கரையில், கேள்விகள் தபாலில். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை கேபின் கதவைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே பக்கம் முழுவதையும் கதவுக்கே கொடுத்துவிட்டோம்.

கேள்வி: அண்ணாச்சி, எங்க விசைப்படகு வீல்ஹவுஸ் ஸ்லைடிங் கதவு ரெண்டு கையால இழுத்தாலும் வரமாட்டேங்குது. ஆசாரி ரெண்டு நூல் சீவிவிட்டா சரியாயிடும்ங்கிறார். சீவலாமா?
– படகு உரிமையாளர், தூத்துக்குடி

இழைப்புளியைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். சீவிய மரம் திரும்ப முளைக்காது. கதவு சிக்கினால் எல்லோரும் கதவைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு இருப்பது கதவு ஓடுகிற கீழ் சேனலில்.

முதலில் கதவைக் கழற்றுங்கள். மேல் சேனலின் பள்ளம் கீழ் சேனலைவிட ஆழமாக இருக்கும். இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து நேரே மேலே தூக்கினால் கீழ் விளிம்பு சேனலை விட்டு வெளியே வந்துவிடும். அப்படியே உங்கள் பக்கம் இழுத்து இறக்கிவிடலாம். தூக்க இடமில்லையா? கதவின் அடியோரத்தில் ரோலரை ஏற்றி இறக்கும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள், அதைத் தளர்த்தினால் இடம் கிடைக்கும். அப்போதும் வரவில்லை என்றால் மேல் சேனலுக்குள் ஒரு சிறு கட்டையை வைத்துத் திருகியிருப்பார்கள். அலையில் கதவு எகிறி விழாமல் இருக்க வைத்த கட்டை அது. வேலை முடிந்ததும் திரும்ப மாட்ட வேண்டும்.

இப்போது சேனலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் மணல். அதன்மேல் மீன் செதில், அறுந்த வலை நூல், கறுத்துப்போன கிரீஸ். இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருப்பது உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொண்டு கசியத் தொடங்கும். நம் கரையோரத்தில் அநேக ராத்திரிகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். ராத்திரி கசியும், பகல் வெயிலில் இறுகும், மறுபடி கசியும். இப்படியே ஒரு பருவம் போனால் உளி வைத்தாலும் பெயராத கட்டியாகிவிடும்.

உளி வைக்கவும் வேண்டாம். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அடுத்த உப்பு அங்கேதான் குடியேறும். வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கடல் தண்ணீர் கூடாது, நல்ல தண்ணீர். உப்பு தானாகக் கரையும். மிச்சத்தை மூங்கில் சிம்பாலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் எடுத்துவிடலாம்.

அடுத்து, சேனலின் வெளிப்பக்கம் தண்ணீர் வடியும் துளைகளைத் தேடுங்கள். பெயின்ட்டோ அழுக்கோ அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள். துளையே இல்லாத சேனல்களும் உண்டு. அப்படியானால் தாழ்வான பக்கம் 6 மி.மீ. துளை இரண்டு மூன்று போடுங்கள். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேங்காமல் வெளியே ஓடினால் பாதி ரிப்பேர் முடிந்தது. கதவைத் திரும்ப மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஆசாரியைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அப்பா ஒவ்வொரு முறையும் சேனலில் கிரீஸ் பூசுகிறார். ஒரு வாரம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பிறகு முன்பைவிட மோசம். அப்பா சொல்வது சரியா?
– கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்

முதல் வாரத்துக்கு அப்பா சரி. அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் சரி.

மூடிய பேரிங்குக்குள் கிரீஸ் நல்லது. திறந்து கிடக்கும் சேனலில் அது மணலையும் செதிலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான், நாள்பட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். டபிள்யூ.டி.-40 அடிக்கிறோம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். 1953-இல் அமெரிக்காவில் உலோகத்தின் மேலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காகத் தயாரித்த திரவம் அது. பெயரிலேயே அந்த வேலை இருக்கிறது. இறுகிப்போன திருகைக் கழற்ற அடியுங்கள், வேலை முடிந்ததும் துடைத்துவிடுங்கள்.

சேனலுக்கு உலர்ந்த வழுவழுப்பு வேண்டும். வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்து, கழுவிக் காயவைத்த சேனலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நான்கு முறை தேயுங்கள். கதவின் அடிவிளிம்பிலும் தேயுங்கள். கையில் காசு இருந்தால் டெஃப்லான் கலந்த உலர் ஸ்ப்ரே வாங்கலாம். சிலிகான் ஸ்ப்ரேயும் நன்றாக ஓடும். ஆனால் பெயின்ட் அடிக்கும் வேலை பாக்கி இருந்தால் அதைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். சிலிகான் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது, குழிகுழியாக விலகும்.

அப்பாவின் கிரீஸ் டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம். வின்ச்சுக்குத் தேவைப்படும்.

கேள்வி: கதவை எட்டி உதைத்தால் திறக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், பழவேற்காடு

உதைக்கு இளகுவது கதவல்ல, நிலைச் சட்டத்தின் மூட்டு. அது முழுதாக விடுவதற்குள் சேனலைக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: கடலில் இருந்தபோது கதவு நன்றாக ஓடியது. கரையேற்றி நான்கு நாளில் நடுவழியில் சிக்கி நிற்கிறது. யாரும் கைவைக்கவில்லை. இது என்ன மாயம்?
– மரப்படகு உரிமையாளர், ராமேஸ்வரம்

நீங்கள் கைவைக்கவில்லை, படகின் எடை கைவைத்திருக்கிறது.

தண்ணீரில் இருக்கும் படகை அடிப்பாகம் முழுவதும் தண்ணீர் தாங்குகிறது. கரையேற்றியதும் அத்தனை எடையும் நான்கைந்து கட்டைகள் மேல் இறங்குகிறது. கட்டை இருக்கும் இடம் நிமிர்ந்து நிற்க, கட்டை இல்லாத இடம் கொஞ்சம் தொங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேலே நிற்கும் வீல்ஹவுஸ் நிலைக்குத் தெரியும். செவ்வகமாக இருந்தது சற்றே கோணும். கதவுக்கும் சேனலுக்கும் நடுவே இருப்பதே 2, 3 மி.மீ. இடைவெளிதான். அதை விழுங்க அந்தக் கோணல் போதும்.

சோதிப்பது சுலபம். நிலையின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஒரு நூலைப் பிடித்து அளவெடுங்கள். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கு. இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் நிலை நேராக இருக்கிறது. வித்தியாசம் இருந்தால் எத்தனை மி.மீ. என்று நிலையின் உள்பக்கமே பென்சிலால் குறித்து வையுங்கள். படகை இறக்கிய பிறகு, பலகைகள் தண்ணீர் குடித்து இறுகச் சில நாள் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் போயிருந்தால் கதவும் ஓடும். கரையில் இருக்கும்போது அவசரப்பட்டுச் சீவியிருந்தால், கடலில் அந்த இடம் பல்லிளித்துக்கொண்டு சாரல் அடிக்கும்.

இதற்கு நேர்மாறான கோளாறு ஒன்று உண்டு. அதைத்தான் பயந்து பார்க்க வேண்டும். கரையிலும் ஓடுகிறது, வெறும் படகிலும் ஓடுகிறது, ஐஸும் டீசலும் ஏற்றி மீனும் நிறைந்த பிறகு மட்டும் சிக்குகிறது என்றால் கதவை விட்டுவிடுங்கள். வீல்ஹவுஸ் தளத்தோடு சேரும் மூலைகளைப் பாருங்கள். அங்கே பெயின்ட் மயிரிழையாக வெடித்திருந்தால் உள்ளே மூட்டு தளர்ந்திருக்கிறது. அது ஓடாவி பார்க்க வேண்டிய வேலை, அதுவும் படகை இறக்குவதற்கு முன்பே.

கேள்வி: கதவின் மேல்பாகம் முன்னால் வருகிறது, கீழ்பாகம் பின்தங்கி நிற்கிறது. கைப்பிடியை மாற்றினால் சரியாகுமா?
– ஸ்ராங்கு, பாம்பன்

சரியான இடத்தில் கைவைத்தீர்கள். அகலமான இழுப்பறையை ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு நின்றுவிடும் அல்லவா, அதே கதைதான். எடை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துக்குக் கிட்டத்தில் இழுக்க வேண்டும். உங்கள் கதவின் எடையைக் கீழ் ரோலர் தாங்குகிறது, கைப்பிடியோ நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. அதை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பாருங்கள். மேல் சேனலில் தொங்கும் கதவானால் கைப்பிடியை மேலே வைக்க வேண்டும். இரண்டு ரோலர்களும் கதவின் இரு கோடிகளுக்கு நெருக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நடுவே நெருங்கியிருந்தால் கதவு ஆடத்தான் செய்யும்.

கேள்வி: புது நைலான் ரோலர் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. சுற்றவே மாட்டேன் என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– படகு மெக்கானிக், காசிமேடு

கடைக்காரர் வீட்டு ஜன்னலுக்கு உள்ள ரோலரைக் கொடுத்திருக்கிறார். வீட்டில் அது பத்து வருஷம் ஓடும்.

நைலான் தண்ணீர் குடிக்கும். நைலான் 6 என்ற வகை முழுக்க ஊறினால் தன் எடையில் 9 சதவீதம்வரை தண்ணீரை உள்ளே வாங்கிவிடும். வாங்கியது பருக்கும். நடுத்துளைக்கும் அச்சுக்கும் இருந்த மயிரிழை இடைவெளி போய்விடும். அச்சு இரும்பு என்றால் துருவும் சேர்ந்துகொள்ளும். பிறகு ரோலர் சுற்றாது, சேனலில் இழுபடும். கழற்றிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருக்கும்.

கேட்டு வாங்க வேண்டியது டெல்ரின் ரோலர். மிகக் குறைவாகவே தண்ணீர் குடிக்கும் பிளாஸ்டிக் அது. அச்சு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 ரகத்தில் இல்லாத மாலிப்டினம் 316-இல் 2 முதல் 3 சதவீதம் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் புள்ளிபுள்ளியாக அரிக்காமல் தாங்குவது அதனால்தான். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. நம்பிக்கையான கடையில் பில்லோடு வாங்குங்கள். குண்டு பேரிங் வைத்த ரோலர் வேண்டவே வேண்டாம். உப்பு புகுந்தால் முதலில் சாவது அந்தக் குண்டுகள்தான்.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். 60 செ.மீ. அகலமுள்ள சின்னக் கதவுக்கு ரோலரே தேவையில்லை. சமையலறை வெட்டுப்பலகை செய்கிற பாலிஎத்திலீனில் கெட்டி ரகம் பட்டையாகக் கிடைக்கிறது. தண்ணீர் குடிக்காது, துருவும் பிடிக்காது. கதவின் அடியில் நீளமாக ஒன்று பதித்து, திருகின் தலையை நன்றாக உள்ளே அமுக்கிவிட்டால் மெழுகு தடவிய சேனலில் அதுவே வழுக்கி ஓடும். சுற்றாத பொருளுக்குச் சுற்றாமல் நின்றுபோகும் நோய் வராது.

கேள்வி: அலுமினியச் சேனலில் ஸ்டெயின்லெஸ் திருகு போட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடி. சேனலும் அங்கங்கே உப்பியிருக்கிறது. திருகைப் பித்தளைக்கு மாற்றட்டுமா?
– வாசகர், குளச்சல்

மாற்றினால் அலுமினியத்துக்கு ஆபத்து குறையாது, பித்தளையும் அதைத் தின்னும். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவே உப்புத் தண்ணீரும் இருந்தால் மின்கலம் ஒன்று உருவாகிவிடுகிறது. அதில் கரைவது அலுமினியம். அந்த வெள்ளைப் பொடி கரைந்த அலுமினியத்தின் மிச்சம். உலோகமாக இருந்ததைவிட அது அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் சேனல் உப்பி, கதவைக் கவ்வுகிறது.

ஸ்டெயின்லெஸ் திருகையே வையுங்கள், அலுமினியத்தைத் தொட விடாதீர்கள். தலைக்குக் கீழே நைலான் வாஷர், மரைக்குக் கடல் வேலைக்கான சீலன்ட், சேனலின் அடியில் முழு நீளத்துக்கும் சீலன்ட். வினிகர் வாசம் அடிக்கும் சிலிகான் வேண்டாம், அந்த அமிலமே உலோகத்தை அரிக்கும். மிகவும் உப்பிய சேனலைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், மாற்றிவிடுங்கள். புதுச் சேனலை இரு கோடியிலும் நிலையோடு முட்ட வைக்காமல் 2 மி.மீ. விடுங்கள். ஒன்றரை மீட்டர் அலுமினியம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 1 மி.மீ. நீளும். போக இடமில்லை என்றால் நடுவில் வளைந்து நிற்கும்.

இன்னொன்று. கிழக்குக் கரைக்காரர்களுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, நல்ல வெயில். உங்கள் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கொட்டும் மழை. ஈர மரத்தில் எபாக்ஸியோ பெயின்ட்டோ பிடிக்காது. கதவு வேலையை மட்டும் மே மாதத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆலப்புழையில் ஹவுஸ்போட் ஒன்றை நடத்துகிறேன். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அறைக் கதவுகள் எல்லாம் உப்பி ஒட்டிக்கொள்கின்றன. விருந்தினர் உள்ளே மாட்டிக்கொண்டு கத்துகிறார்கள்.
– மேலாளர், ஆலப்புழை

சேனல் சுத்தமாக இருந்தும் மழையில் மட்டும் ஒட்டுகிறது என்றால், உங்கள் கேஸில் நிஜமாகவே கதவுதான் குற்றவாளி. மரம் நீளவாக்கில் அநேகமாகப் பருக்காது, குறுக்கே பருக்கும். பிளைவுட் என்றால் விளிம்பு வழியாகத் தண்ணீர் குடித்து அந்த விளிம்பு மட்டும் தடிக்கும்.

ஜூலையில் சீவினால் பிப்ரவரியில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் போகும். ஆகவே இப்போதைக்கு மெழுகு தேய்த்து ஒப்பேற்றுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் கதவுகளைக் கழற்றி நிழலில் நன்றாக உலரவிடுங்கள். அப்போது சீவ வேண்டியிருந்தால் கொஞ்சமாகச் சீவி, ஆறு முகத்துக்கும் எபாக்ஸி பூசுங்கள். ஆறு என்று அழுத்திச் சொல்கிறேன். முன்னும் பின்னும் பளபளவென்று வார்னிஷ் அடித்துவிட்டு, யார் கண்ணிலும் படாத அடிவிளிம்பைப் பச்சையாக விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் நிற்பது அங்கேதானே! கைப்பிடிக்கும் பூட்டுக்கும் போட்ட துளைகளின் உள்பக்கத்தையும் விடாதீர்கள். புதுக் கதவு செய்வதானால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். ஐ.எஸ். 303 வீட்டு வேலைக்கானது.

கேள்வி: பெரிய கப்பல்களிலும் சறுக்கி மூடும் கதவுகள் உண்டாமே. அவை சிக்காதா?
– மரைன் இன்ஜினியரிங் மாணவர், சென்னை

சிக்காமல் பார்த்துக்கொள்ளச் சட்டமே இருக்கிறது. பயணிகள் கப்பலில் நீர்புகாச் சறுக்குக் கதவு, கப்பல் நிமிர்ந்து நிற்கும்போது 40 விநாடிக்குள் மூடியாக வேண்டும் என்கிறது சோலாஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை. 20 விநாடிக்குக் குறைவாகவும் கூடாது, நடுவில் மனிதர் இருந்தால் விலக அவகாசம் வேண்டும். மின்சாரம் போனால் கையால் இயக்கும் வழியும் இருக்க வேண்டும். கப்பல் 15 டிகிரி சாய்ந்திருந்தாலும் அந்தக் கைவழி வேலை செய்ய வேண்டும். நம் விசைப்படகுக் கதவை யாரும் இப்படிச் சோதிப்பதில்லை. நாமே சோதிக்கலாமே.

கேள்வி: ஐயா, எங்கட பலநாள் கலத்தில் ஸ்லைடிங் கதவைக் கழட்டிப்போட்டு, பிணைச்சல் போட்ட கதவு வைக்கலாம் எண்டு நினைக்கிறம். எது பாதுகாப்பு?
– மீனவர், திருகோணமலை

இந்தக் கேள்விக்காக இந்தப் பக்கத்தில் எவ்வளவு இடமும் கொடுக்கலாம். நன்றாகப் பராமரித்த ஸ்லைடிங் கதவே போதும் என்பது என் கட்சி. பிணைச்சல் கதவு கலம் உருளும்போது வீசி அடிக்கும், விரல் நசுங்கும். வெளியே திறப்பதானால் தளத்தில் குவிந்த வலையே அதை அடைத்துவிடும். ஸ்லைடிங் கதவுக்கு இந்த இரண்டு வில்லங்கமும் இல்லை. ஆனால் அதுவும் உருளலில் தானாக ஓடும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பிடித்து நிறுத்தும் கொக்கி கட்டாயம் வேண்டும்.

கணக்கு ஒன்று பாருங்கள். 60 செ.மீ. அகலக் கதவின் ஒரு பக்கத்தில் மட்டும் 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், கதவை அழுத்தும் விசை சுமார் 300 கிலோ எடைக்குச் சமம். அத்தனை அழுத்தத்தில் சுத்தமான சேனலில் ஓடும் கதவை நகர்த்துவதே பெரும்பாடு. ஏற்கெனவே சிக்குகிற கதவு அசையவே அசையாது. கலம் சாயத் தொடங்கும்போது கேபினுக்குள் இருக்கும் மனிதருக்குக் கிடைப்பது விநாடிகள். அதை அவர் கைப்பிடியோடு மல்லுக்கட்டிச் செலவழிக்கக் கூடாது.

ஆகவே மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கதவு ஒரு கையால், உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும், சாவி இல்லாமல் திறக்க வேண்டும். ஆள் உள்ளே படுத்திருக்கும்போது வெளியே பூட்டுப் போடவே கூடாது, துறைமுகத்தில் கட்டியிருந்தாலும் சரி. கதவு தவிர, ஓர் ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்கு ஒரு ஜன்னலாவது கேபினுக்கு இருக்க வேண்டும். அதன் சேனலையும் கதவுச் சேனலோடு சேர்த்தே கழுவுங்கள்.

கேள்வி: கதவில் உள்ள அக்ரிலிக் கண்ணாடியில் பெயின்ட் தெறித்துவிட்டது. தின்னரால் துடைக்கலாமா?
– பெயின்டர், கடலூர்

கூடாது. தின்னர் பட்டால் அக்ரிலிக் முழுவதும் நுண்வெடிப்பு ஓடி மங்கிவிடும், பிறகு ஸ்ராங்குக்கு எதிரே வருவது தெரியாது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிளாஸ்டிக் அட்டை ஓரத்தால் மெல்லச் சுரண்டுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடுபடுவதற்குப் புதுக் கதவே போட்டுவிடலாமே?
– வாசகர், காரைக்கால்

திருப்புளி முனையால் கதவின் அடிவிளிம்பைக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போகாமல் நின்றால் கதவு நல்ல கதவு. சேனலையும் ரோலரையும் மட்டும் மாற்றுங்கள். சதசதவென்று இறங்கினால் உள்ளே மக்கியிருக்கிறது, புதிதுதான் வழி. அப்படிச் செய்தாலும் பழைய சேனலை அப்படியே விட்டுப் புதுக் கதவை மாட்டாதீர்கள்.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்களுக்கு: படகு கரையில் இருக்கிறதா தண்ணீரிலா, கதவு மரமா ஃபைபரா, ஓட்டத்தின் தொடக்கத்தில் சிக்குகிறதா நடுவிலா கடைசியிலா என்பதை எழுதுங்கள். கழுவிய பிறகு எடுத்த சேனல் படம் ஒன்றும் வையுங்கள். கழுவாத சேனலின் படத்துக்கு என்ன பதில் என்பது உங்களுக்கே தெரியும்.